கதவுக்கும் நிலைக்கும் நடுவில் 3 மில்லிமீட்டர்

எங்கள் வீட்டின் பழைய வாசற்கதவைக் கீல்களிலிருந்து கழற்றி இரண்டு மரக்கட்டைகளின்மேல் கிடத்திய அன்றுதான் அதன் அடிவிளிம்பை முதன்முறையாகப் பார்த்தேன். முன்பக்கமும் பின்பக்கமும் பலமுறை வண்ணம் பூசப்பட்டிருந்த அந்தக் கதவின் அடியில் ஒருமுறைகூடத் தூரிகை பட்ட அடையாளம் இல்லை. கட்டைவிரலால் அழுத்தியபோது மரம் உள்வாங்கியது. திருப்புளியின் முனை எந்த எதிர்ப்புமின்றி இரண்டு அங்குலம் இறங்கியது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களாக நான் புதிய கதவின் முகத்தைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன்: எத்தனை பலகை, எந்த நிறம், கண்ணாடி வேண்டுமா வேண்டாமா. அடிவிளிம்பைப் பார்த்த பிறகு என் கேள்விகள் எல்லாம் கதவின் ஓரங்களுக்கு நகர்ந்துவிட்டன. வெளிக்கதவு கெடுவதும் நீடிப்பதும் அதன் ஓரங்களில்தான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

மரத்தின் நார்கள், அது உயிரோடு நின்ற காலத்தில், வேரிலிருந்து நீரை மேலே கொண்டுசெல்வதற்கென்றே அமைந்தவை. அறுத்துச் சட்டமாக்கிய பிறகும் நாரின் வெட்டுமுகம் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை; பக்கவாட்டில் நனைவதைவிட வெட்டுமுகத்தின் வழியாக மரம் பல மடங்கு விரைவாக நீரை உறிஞ்சுகிறது. கதவின் இரண்டு செங்குத்துச் சட்டங்களும் தங்கள் வெட்டுமுகத்தை வாசற்படியை நோக்கி வைத்துக்கொண்டு நிற்கின்றன. மழைநீர் தெறித்து நனையும் இடம் அது. காற்றும் வெயிலும் எளிதில் எட்டாததால் உலர நெடுநேரம் பிடிக்கும் இடமும் அதுவே. மரத்தின் ஈரம் அதன் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை மக்கவைக்கும் பூஞ்சையால் வேலையைத் தொடங்க முடியாது. எங்கள் கதவின் அடிப்பகுதி அந்த எல்லையைத் தாண்டி எத்தனை மாதங்கள் நின்றிருக்கும் என்பதை அந்தத் திருப்புளியே சொல்லிவிட்டது.

ஆகவே, புதிய கதவு வாங்க நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, கடைக்குப் போகும் முன் பழைய கதவைப் படியுங்கள் என்பதுதான். பூட்டுப் பக்கத்தின் மேல்மூலை மட்டும் நிலையில் உரசினால், மேல் கீலின் திருகாணிகள் தளர்ந்து கதவு சாய்ந்திருக்கிறது என்று பொருள். பூட்டுப் பக்கம் முழுவதும், அதுவும் ஈரமான மாதங்களில் மட்டும் உரசினால், மரம் ஊதியிருக்கிறது. மூடிய கதவின் மேல்மூலை நிலையோடு பொருந்தியும் கீழ்மூலை விலகியும் நின்றால், கதவோ நிலையோ முறுக்கிக்கொண்டிருக்கிறது. இவற்றில் முதலாவதற்குப் புதிய கதவே தேவையில்லை. நீளமான திருகாணிகள் போதும். நிலையின் கால்களைத் தரைமட்டத்தில் கூர்முனையால் குத்திப் பார்ப்பதும் அவசியம். மக்கிப்போன நிலைச்சட்டத்தில் புதிய கதவை மாட்டுவது வீண்செலவு. எங்கள் வீட்டில் இடப்பக்க நிலைக்காலின் அடியும் போயிருந்ததால், நிலையையும் சேர்த்தே மாற்ற முடிவு செய்தோம்.

அடுத்து, கதவு எந்தத் திசையைப் பார்க்கிறது, அதன்மேல் எவ்வளவு கூரை நீண்டிருக்கிறது என்பவற்றைக் கவனித்தேன். ஒரு நாள் முழுவதும் மணிக்கொருமுறை வெளியே சென்று, வெயில் கதவின் எந்த உயரம்வரை ஏறுகிறது என்று பென்சிலால் குறித்தேன். பிற்பகல் வெயிலை நேராக வாங்கும் கதவில் வெளிமுகம் காய்ந்து சுருங்க, உள்முகம் அப்படியே இருப்பதால், கதவு வில்போல வளையப் பார்க்கும். அடர்நிறம் பூசினால் வெப்பம் இன்னும் கூடும். எனக்குக் கருநீலத்தின்மேல் பெரும் ஆசை இருந்தது. பென்சில் குறிகளைப் பார்த்த பிறகு வெளிர்நிறத்துக்கு மாறினேன்.

எந்தப் பொருளில் கதவு என்ற கேள்வியில்தான் அதிக நாட்களைச் செலவிட்டேன். மரம் ஈரத்தால் நாரின் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. குறுக்குவாக்கில்தான் ஊதிச் சுருங்குகிறது. தேக்கு போன்ற அடக்கமான மரத்தில்கூட, ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் குறுக்களவு சுமார் 0.2 சதவீதம் வரை கூடும். 900 மில்லிமீட்டர் அகலக் கதவைச் செங்குத்தான பலகைகளை ஒட்டி ஒரே முழுப்பரப்பாகச் செய்தால், வறண்ட மாதத்துக்கும் ஈர மாதத்துக்கும் இடையில் ஈரம் 5 சதவீதம் மாறும்போது அகலம் 9 மில்லிமீட்டர்வரை மாறும். எந்த நிலையும் அதைத் தாங்காது. சட்டமும் பலகையுமாகச் செய்யும் கதவு இந்தச் சிக்கலுக்குப் பழைய தச்சர்கள் கண்ட விடை. குறுக்குச் சட்டங்கள் நீளவாக்கில் கிடப்பதால் அவை மாறுவதில்லை; இருபுறச் செங்குத்துச் சட்டங்களின் அகலம், அதாவது மொத்தம் 240 மில்லிமீட்டர் அளவு மரம் மட்டுமே, கதவின் அகலத்தை மாற்றுகிறது. 9 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் இப்போது 2.4 மில்லிமீட்டர். நடுப்பலகைகள் சட்டத்தின் காடிக்குள், அதாவது நீளமான பள்ளத்துக்குள், ஒட்டப்படாமல் செருகி நிற்பதால், அவை உள்ளே விருப்பம்போல் ஊதிச் சுருங்கலாம். பலகையைப் பசை வைத்துக் காடியில் ஒட்டிவிடும் அவசரக்காரர்களின் கதவுகளில்தான் பலகையின் நடுவே நீளமாக வெடிப்பு ஓடும். அழகுக்காகச் செய்ததென்று இத்தனை காலம் நான் எண்ணியிருந்த அந்தச் சதுரங்கள் ஒரு கணக்கின் விடை என்று புரிந்தபோது எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டாயிற்று.

மரத்துக்கு மாற்றாகக் கிடைப்பவற்றையும் பார்த்தேன். எஃகுத் தகட்டுக்குள் பாலியூரித்தேன் நுரை நிரப்பிய கதவு ஊதாது, சுருங்காது, வெப்பத்தையும் மரத்தைவிட நன்றாகத் தடுக்கும். ஆனால் அடிவாங்கினால் பள்ளம் விழும், கீறல் ஆழமானால் துரு பிடிக்கும். கண்ணாடியிழைக் கதவு ஈரத்துக்கு அசையாது. கடும் வெயிலும் பெருமழையும் சேர்ந்து தாக்கும் வாசலுக்கு அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். அலுமினியம் மெலிந்த சட்டங்களுக்கு ஏற்றது, ஆனால் அது மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும் உலோகம். வெளிச்சட்டத்தையும் உள்சட்டத்தையும் பிரிக்கும் தடுப்பு நடுவில் இல்லாவிட்டால் அதை வாங்குவதில் பயனில்லை. ஒட்டுப்பலகைக் கதவில் அடுக்குகள் மாறிமாறிக் குறுக்காகக் கிடப்பதால் அது நெளிவதில்லை, ஆனால் நீர் தாங்கும் பசையால் ஒட்டியதா, உள்ளே திடமான மரம் நிரம்பியதா என்று கேட்டறிய வேண்டும். உள்ளீடற்ற கதவு அறைகளுக்கு மட்டுமே உரியது. எங்கள் வாசலில் கூரை ஓரளவு நீண்டிருந்ததாலும், பழுதானால் என் கையாலேயே சரிசெய்ய முடியும் என்பதாலும், நான் மரத்தையே தேர்ந்தேன். தடிமன் 44 மில்லிமீட்டர். உள்ளறைக் கதவுகளுக்குப் போதுமான 35 மில்லிமீட்டரில் பூட்டுக்கான குழியை வெட்டினால் இருபுறமும் மிஞ்சும் மரம் மிக மெல்லியதாகிவிடும்.

மரத்தை வாங்கும்போது என்ன மரம் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அதன் ஈரம் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். இரண்டு ஊசிமுனைகள் கொண்ட சிறு ஈரமானியை இரவல் வாங்கிச் சென்றேன். முதலில் பார்த்த கதவின் சட்டத்தில் அது 19 காட்டியது. விற்பவர் நல்ல மரம் என்று சொன்னது உண்மைதான். ஆனால் வீட்டில் மாட்டிய பிறகுதான் அது காயத் தொடங்கும், காயும்போது பொருத்துகள் விலகும். 12 அளவில் இருந்த மற்றொன்றுக்காக மூன்று வாரம் காத்திருந்தேன்.

வாசற்படியைப் பற்றி வீட்டில் நீண்ட பேச்சு நடந்தது. அம்மா நடக்கும்போது கைத்தாங்கி வேண்டும். பழைய வாசற்படிக் கட்டை இரண்டு அங்குல உயரம் கொண்டது. இரண்டு முறை அவர் அதில் கால் தடுக்கித் தடுமாறியிருக்கிறார். நீருக்கு உயரமான படி வேண்டும், அம்மாவுக்குப் படியே இருக்கக் கூடாது. "எனக்காகத் தண்ணீரை உள்ளே விட்டுவிடாதே" என்று அவர் சொன்னார். சக்கர நாற்காலி தடையின்றிச் செல்லக்கூடிய வாசலுக்குப் பரவலாகக் கொள்ளப்படும் அளவுகள், படியின் உயரம் 13 மில்லிமீட்டருக்கு மிகாமலும் கதவு திறந்த நிலையில் கிடைக்கும் அகலம் 815 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பவை. இந்த அகலம் கதவின் அகலம் ஆகாது. கதவு 90 டிகிரி திறந்து நிற்கும்போது அதன் தடிமனே வழியில் இடத்தை எடுத்துக்கொள்கிறது. 900 மில்லிமீட்டர் கதவில் எங்களுக்கு உண்மையில் கிடைத்த வழி 840. படியை 13 மில்லிமீட்டரில் நிறுத்தி, இருபுறமும் சரிவாகச் சீவினோம். இழந்த உயரத்தை வேறு மூன்று வழிகளில் ஈடுசெய்தோம். படிக்கு வெளியே தரையை வெளிப்புறமாகச் சரித்து, கம்பி வலையிட்ட ஒரு சிறு வடிகாலை அமைத்தோம். கதவின் வெளிமுகத்தில் அடியோரமாக ஒரு சாய்வுக் கட்டையைப் பொருத்தினோம். அதன் அடியில் நீளமாக ஒரு காடி இழைத்திருப்பதால், கட்டையைத் தழுவிக்கொண்டு உள்நோக்கி ஊரும் நீர் அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். மூன்றாவதாக, கதவின் அடிக்குள் ஒரு ரப்பர் பட்டியை ஒளித்துவைத்தோம்; கதவு மூடும்போது கீல் பக்கத்தில் உள்ள சிறு பொத்தான் நிலையில் அழுந்தி, அந்தப் பட்டியைப் படியின்மேல் இறக்கும், திறந்தவுடன் அது தானே மேலேறிக்கொள்ளும்.

கதவு உள்ளே திறக்க வேண்டுமா, வெளியே திறக்க வேண்டுமா என்பதிலும் இரண்டு பக்க நியாயம் உண்டு. வெளியே திறக்கும் கதவைக் காற்று தன் அழுத்தத்தாலேயே நிலையோடு இறுக்கும். அதனால் மழை உள்ளே வருவது குறையும். ஆனால் அதன் கீல்கள் வெளியே தெரியும். அச்சைத் தட்டி எடுக்க முடியாத கீல்களைத்தான் அங்கே பயன்படுத்த வேண்டும். அம்மா கைத்தாங்கியோடு பின்னோக்கி நகர்ந்து கதவுக்கு இடம்விடும் சிரமத்தை எண்ணி, உள்ளே திறக்கும்படியே வைத்தோம். கதவைச் செய்யச் சொல்லும்போது இடக்கதவு, வலக்கதவு என்ற சொற்களை நம்பாதீர்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்து இடம் வலம் சொல்வது என்பதில் ஆளுக்கொரு வழக்கம் உண்டு. ஒரு தாளில் வாசலை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, கதவு திறக்கும் வளைகோட்டையும் கீலின் இடத்தையும் குறித்துக் கொடுங்கள்.

அளவெடுப்பது எளிது, ஆனால் ஒருமுறை எடுத்தால் போதாது. அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களிலும், உயரத்தை இரு ஓரங்களிலும், மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டையும் எடுத்தோம். மூன்று அகலங்களில் மிகச் சிறியதுதான் கணக்கில் சேரும்.

நிலையை நிறுத்திய நாளைத்தான் இந்த வேலையின் உண்மையான நாள் என்பேன். வந்திருந்த தச்சர் வயதில் மூத்தவர். ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் இரண்டையுமே பயன்படுத்தினார். "ரசமட்டம் இந்த இடத்தைத்தான் சொல்லும் தம்பி, குண்டு மேலிருந்து கீழ்வரை சொல்லும்" என்றார். கீல் பக்க நிலைக்காலை முதலில் நிறுத்தி, முன்னிருந்து பார்க்கவும் பக்கத்திலிருந்து பார்க்கவும் அது செங்குத்தாக நிற்பதை உறுதி செய்தார். ஒவ்வொரு கீலுக்கும் நேர் பின்னே, சுவருக்கும் நிலைக்கும் இடையில், ஆப்புகளை இரண்டிரண்டாக எதிரெதிராகச் செருகினார். பூட்டு வரும் இடத்தின் பின்னேயும் அப்படியே. அந்த இடங்களில் வெற்றிடம் இருந்தால் திருகாணியை முடுக்கும்போது நிலை வளைந்துவிடும்.

பிறகு நிலையின் நான்கு மூலைகளிலும் சிறு ஆணிகளை அடித்து, மூலைக்கு மூலை இரண்டு நூல்களைக் குறுக்காகக் கட்டினார். நான்கு மூலைகளும் ஒரே தளத்தில் இருந்தால் நடுவில் நூல்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கும். எங்கள் நிலையில் நூல்களுக்கு நடுவே 4 மில்லிமீட்டர் இருந்தது. ஒரு மூலை மட்டும் தளத்திலிருந்து விலகினால் நடுவில் அதில் பாதிதான் தெரியும். ஆகவே ஒரு மூலை 8 மில்லிமீட்டர் விலகி நின்றது. ரசமட்டம் ஒவ்வொரு காலையும் தனித்தனியாகச் சரியென்றே காட்டியிருந்தது, ஏனென்றால் சிறு பிழைகள் எதிரெதிர்த் திசையில் இருந்தன. அதை அப்படியே விட்டிருந்தால், எவ்வளவு நேரான கதவை மாட்டியிருந்தாலும் ஒரு மூலை மூடாமல் நின்றிருக்கும். நாங்களும் கதவைத்தான் குறை சொல்லியிருப்போம். நூல்கள் தொடும்வரை பூட்டுப் பக்கக் காலின் அடியை நகர்த்த ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. சுவருக்கும் நிலைக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில், குறைவாக விரியும் வகை நுரையைத்தான் நிரப்பினோம். வேகமாக விரியும் நுரை நிலைக்கால்களை உள்நோக்கித் தள்ளி அந்த ஒரு மணி நேர உழைப்பைக் கெடுத்துவிடும்.

கதவின் எடை சுமார் 40 கிலோ. எடையின் மையம் கீலிலிருந்து 450 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே 1.6 மீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால் மேல் கீல் சுமார் 11 கிலோ எடைக்குச் சமமான விசையால் நிலையிலிருந்து பிடுங்கப்படுகிறது. கீழ்க் கீல் அதே அளவு நிலைக்குள் அழுத்தப்படுகிறது. 20 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் அந்த விசை ஏறக்குறைய இருமடங்காகும். பெரும்பாலான கதவுகளில் முதலில் தளர்வது மேல் கீலாக இருப்பதன் காரணம் இதுதான். மேல் கீலில் சுவர்வரை எட்டும் நீளத் திருகாணிகளைப் போட்டோம். மூன்றாவது கீலை நடுவில் வைத்தோம், அது கதவு வளையாமல் பிடித்துக்கொள்ளும். பித்தளைத் திருகாணிகள் கடினமான மரத்தில் தலை முறிந்துபோகும் என்பதால், தச்சர் முதலில் எஃகுத் திருகாணியை முடுக்கி வழி செய்து, அதைக் கழற்றிய பிறகே பித்தளையை மெழுகு தடவிப் போட்டார். கீலுக்கான குழி கீல் தகட்டின் தடிமனுக்குச் சரியாக இருக்க வேண்டும். ஆழம் கூடினால் கதவு மூடும் கடைசி நொடியில் நிலையோடு முட்டித் திமிறும். அந்தத் திமிறல்தான் நாளடைவில் திருகாணிகளைப் பிடுங்குகிறது.

பூட்டுப் பக்க விளிம்பை அவர் சற்றே சாய்வாக, சுமார் 3 டிகிரி, இழைத்தார். கதவு சுழலும்போது அதன் மூடும் பக்க மூலை, கதவின் அகலத்தைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிய வட்டத்தில் வருகிறது. அந்த ஒரு மில்லிமீட்டருக்காக இடைவெளியைப் பெரிதாக்காமல், விளிம்பைச் சாய்த்துவிட்டால் போதும். இப்படித்தான் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளியோடு நிறுத்த முடிந்தது. அதைவிடக் குறைத்தால் ஈரமான மாதங்களில் கதவு பிடித்துக்கொள்ளும். ஆனால் 3 மில்லிமீட்டர் என்பதும் சிறியதன்று. கதவின் சுற்றளவு 6 மீட்டர்; அதை 3 மில்லிமீட்டரால் பெருக்கினால் 180 சதுர சென்டிமீட்டர். கதவின் நடுவில் 15 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்ட ஓட்டையைப் போட்டு வைப்பதற்கு அது சமம். நிலையின் காடியில் சுற்றிலும் ஓடும் ரப்பர் பட்டி அந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. மூலைகளில் பட்டியை வெட்டிப் பொருத்தும்போது விடும் சிறு பிளவுகூட மழைக்காற்றுக்குப் போதும் என்பதால், அங்கே நான் மிகவும் பிடிவாதமாக இருந்தேன்.

பூட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கதவை உதைத்துத் திறப்பவர்கள் பூட்டை உடைப்பது அரிது. பூட்டின் நாக்கு நுழையும் நிலைப்பகுதியைத்தான் பிளக்கிறார்கள். ஆகவே நாக்கு 25 மில்லிமீட்டர் நீளமாவது இருக்க வேண்டும். அதை ஏற்கும் தகடு 75 மில்லிமீட்டர் திருகாணிகளால் நிலையைத் தாண்டிச் சுவரைப் பிடித்திருக்க வேண்டும். நடுக் குறுக்குச் சட்டத்தின் பொருத்து இருக்கும் இடத்தில் பூட்டுக்குழி வெட்டக் கூடாது. வெட்டினால் அந்தப் பொருத்தே அறுந்துவிடும். உள்பக்கத்தில் சாவி தேவையில்லாமல் கையால் திருப்பும் குமிழ் கட்டாயம் வேண்டும். தீப்பிடித்த வீட்டின் இருட்டில் யாரும் சாவியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கடைசி வேலையை நானே செய்தேன். எல்லாம் பொருந்திய பிறகு கதவை மறுபடி கழற்றி, அடிவிளிம்புக்கும் மேல்விளிம்புக்கும் மூன்று முறை பிரைமரும் இரண்டு முறை பெயின்ட்டும் பூசினேன். பூட்டுக்குழியின் உள்சுவர்களுக்கும் கீல் குழிகளுக்கும்கூட ஒவ்வொரு பூச்சு கொடுத்தேன். ஏற்கெனவே மாட்டிய கதவைக் கழற்றுவது தேவையில்லாத வேலை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். தச்சர் மட்டும் எதுவும் சொல்லாமல் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார்.

முதல் மழைக்காலத்தின் முடிவில், கதவைத் திறந்து வைத்து அதன் அடியில் ஒரு சிறு கண்ணாடியைச் செருகிப் பார்த்தேன். வெள்ளைப் பூச்சு எங்கும் விடாமல் முழுமையாக இருந்தது. பூட்டுப் பக்கத்து இடைவெளியில் மட்டும் 3 மில்லிமீட்டர் தகடு நுழையவில்லை. 2 மில்லிமீட்டர் தகடு உரசிக்கொண்டே போனது. இழைப்புளியை எடுக்கட்டுமா என்று தச்சரிடம் தொலைபேசியில் கேட்டேன். ஈரத்தில் இழைத்தால் கோடையில் ஓட்டையாகிவிடும், பொறுத்திருங்கள் என்றார். நான்கு மாதங்கள் கழித்து, வறண்ட காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், அதே 3 மில்லிமீட்டர் தகட்டை அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். அது மேலிருந்து கீழ்வரை தடையின்றி ஓடியது.